கல்லுப்பு

மார்ச் 12, பிளெய்ன்ஸ்பரோ.

உமாவுக்கு வந்திருப்பது ஹார்மோனால் வளரும் மார்பகக் கட்டி. அது அயோடினை உறிஞ்சினால்தான் புதுச் சிகிச்சைச் சோதனையில் அவளுக்கு இடம். உடம்பில் ஏற்கெனவே அயோடின் நிறைந்திருந்தால் ஸ்கேனுக்காகக் கொடுக்கும் அயோடினைக் கட்டி எடுக்காது; அதனால் ஸ்கேனுக்கு முன் இரண்டு வாரம் அயோடின் உப்பு கூடாது என்றார்கள். பக்கத்து ஊர் எடிசனில் இந்தியக் கடையில் கல்லுப்பு வாங்கி வந்து நானே சமைத்தேன். இன்று ஸ்கேன். கட்டி எதையும் உறிஞ்சவில்லையாம்.

வீடு திரும்பியதும் உமா உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். "அயோடின் சேர்த்ததுன்னு போட்டிருக்கு."

"கல்லுப்புல அதெல்லாம் சேர்க்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"ஆபீஸ்ல மருந்து லேபிள்ல ஒரு கமா விட்டுப்போனாலே திருப்பி அனுப்புவீங்க. பொண்டாட்டி உப்புல மட்டும் கோட்டை விட்டுட்டீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

உப்புதான் கெடுத்தது என்றால் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். டாக்டருக்கு எழுதியாயிற்று. இருபது வருஷத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக, தப்பு என்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.