இடது காலுக்கு ஒரே ஒரு மைனஸ்

அன்பு மகன் தௌசீப் அகமதுவுக்கு, ஆம்பூரிலிருந்து அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் இங்கே எல்லோரும் சுகம், ஜித்தாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க துஆ செய்கிறோம். உன் அம்மிக்கு முட்டி வலி கம்மி, வாய் மட்டும் ஜாஸ்தி. போனில் சொன்னால் பாதியிலேயே மறித்துப் பேசுவாய், அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், முழுக்கப் படி.

உன் மனைவி ஜோயாவைப் பற்றித்தான். ஷூ கம்பெனியில் கைக்கட்டிங்கில் இருந்தவளைக் கம்ப்யூட்டர் கட்டிங் மிஷினுக்கு மாற்றினார்கள், வியாழக்கிழமை இடது காலுக்கு வெட்டிய தோலெல்லாம் வலது காலாகவே வந்துவிட்டது. உன்னிடம் சொல்லி அழுதாள், நீ “அந்தப் பேஜாரே வேணாம், ஊட்லயே இரு” என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் “உன்னால் முடியாது” என்று நீயே சொல்லிவிட்ட மாதிரி அவளுக்கு ஆகிவிட்டது. நேற்று வேலைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. செக்ஷன் இன்சார்ஜ் நயீம் அகமது நல்ல மனுஷன், திங்கட்கிழமை வந்து திரும்ப வெட்டட்டும், வராவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

இன்று காலை அவளாகவே ஒரு தாளில் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு போட்டு உட்கார்ந்தாள். நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் பிளஸ், இடப்பக்கம் மைனஸ், மேலே பிளஸ், கீழே மைனஸ், ஆக நாலு காற்பகுதியாம். எங்கே வெட்ட வேண்டும் என்று மிஷினுக்கு ஒவ்வொரு புள்ளியையும் இப்படி எண்ணாகத்தான் கொடுக்க வேண்டுமாம். வலது கால் பீஸில் ஒரு புள்ளி பக்கவாட்டில் மூன்று, மேலே ஐந்து என்று வை. பக்கவாட்டு எண்ணுக்கு மட்டும் மைனஸ் போட்டால் அது மேலேயே இடப்பக்கம் போகும், கண்ணாடியில் தெரிவது போல இடது கால் கிடைக்கும். இவள் இரண்டுக்கும் மைனஸ் போட்டதால் புள்ளி கீழே இடப்பக்கம் இறங்கிவிட்டது, பீஸ் தலைகீழானதே தவிர கால் மாறவில்லை. தோல் வீணாகாமல் ஒன்றைத் தலைமாடும் அடுத்ததைக் கால்மாடுமாக வைத்தே வெட்டிப் பழகிய கை, திருப்பி வைத்ததை எதிர்க்கால் என்று நினைத்துவிட்டது, பாவம். எனக்கு விளங்கவில்லை என்றதும் அம்மியின் வலது கையை மேஜைமேல் வைத்து, விரல்கள் அம்மியையே பார்க்கும்படி திருப்பி, “இன்னா மாமா, எப்டித் திருப்பினாலும் வலது கைதானே” என்றாள். கை சுளுக்கிக்கொண்டதென்று உன் அம்மி போட்ட கூச்சலில் ஜோயா சிரித்தாள். சிரித்து முடித்ததும், “அவர் வேணாம்னு சொல்ட்டாரே மாமா” என்று தாளை மடித்து வைத்துவிட்டாள்.

தௌசீப், நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக அவள் வீட்டோடு இருந்துவிடக் கூடாது. வேலைக்குப் போ என்று உத்தரவு போடாதே, ஆறுதலும் சொல்லாதே. இடது காலுக்கு எந்தக் குறியை மாற்ற வேண்டும் என்று கேள், அவள் சொல்லித் தரட்டும், புரியாவிட்டால் இன்னொரு தடவை கேள். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்யட்டும். திங்கட்கிழமை கம்பெனி பஸ் வருவதற்குள் கூப்பிட மறக்காதே. அவள் டிபன் பாக்ஸை உன் அம்மி இப்போதே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

உனக்காக துஆ செய்யும் அப்பா,
அப்துல் ஹமீத்