ஐம்பத்தொன்றுக்கு ஐம்பத்தொன்று

மே 5, ஞாயிறு

அஷ்தோதிலிருந்து ஜெருசலேமுக்கு இரண்டு மணி நேரம். பாதி வழியில் வண்டி நகரவே இல்லை. கட்சி எம்.பி.க்கள் கூட்டத்துக்குப் பிந்தித்தான் போனேன். பிந்தியதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

தலைவர் சொன்னார்: "நம்ம நிலைப்பாடு மாறல. நேரம்தான் மாறியிருக்கு."

பதினோரு தலைகள் ஆடின. என்னுடையதும் ஒன்று.

தேர்தல் அறிக்கையில் ஏழாம் பக்கத்தில் போட்டிருந்தோம்: ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் இந்த மண்ணிலேயே சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள வழி செய்வோம் என்று. இப்போது மதக் கட்சிகளோடு கூட்டணி ஆட்சி. கூட்டணி ஒப்பந்தப்படி கல்யாணச் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. எதிர்க்கட்சியில் இருக்கும் ஹெம்தா அக்கா எங்கள் ஏழாம் பக்கத்தை வரிக்கு வரி எடுத்து மசோதாவாகக் கொண்டு வருகிறார். அதை நாங்களே தோற்கடிக்க வேண்டுமாம்.

"மக்கள் இன்னும் தயாராகல" என்று முதலில் ஆரம்பித்தது யோராம். நாலு வருஷத்துக்கு முன் டிவியில் இதை வியாதி என்றவன். போன வருஷம் கருத்துக்கணிப்பு வந்ததும் இரண்டு மாப்பிள்ளைகளுக்கு நடுவே நின்று போட்டோ எடுத்துக்கொண்டவன். இத்தனை தடவை திரும்பியும் கழுத்து சுளுக்காத மனிதன்.

மே 10, வெள்ளி

மகள் ஹதாஸும் அவள் துணைவி இன்பாரும் சாப்பிட வந்தார்கள். ஆறு வருஷமாக ஒன்றாக வாழ்கிறார்கள். ஹதாஸ் முதலில் சொன்னபோது பெற்ற மகளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்த ஆள் நான். இங்கே பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

அப்புறம் கட்சிக்கு விஷயம் தெரிந்தது. தலைவர் என்னை மேடை மேடையாக இழுத்துக்கொண்டு போனார். "பழைய பழக்கவழக்கம் உள்ள குடும்பம், மொராக்கோவிலிருந்து வந்தவங்க, ஆனாலும் பாருங்க இந்த அப்பாவை" என்பார். பேர்ஷேவாவில் ஹதாஸைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நான் பேசினேன்: "என் பொண்ணு கல்யாணம் பண்ண வெளிநாட்டுக்குப் போக மாட்டா. என் ஊர்ல, என் கண் முன்னால நடக்கும்." கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. இவளைப் போன்ற மற்ற எல்லோரும் விமானம் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இங்கே பதிந்துகொள்கிறார்கள். இவள் என் வார்த்தையை நம்பிக் காத்திருக்கிறாள்.

இன்று அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, ஹெம்தா மசோதாவுக்கு உன் ஓட்டு எந்தப் பக்கம்?"

"சபையில நிலைமை கொஞ்சம் சிக்கலா இருக்கும்மா."

"நிலைமையக் கேக்கல. உன்னைக் கேட்டேன்."

ஜாக்லின் ரொட்டிக் கூடையை என் பக்கம் தள்ளி, "வாயில எதையாவது போட்டுக்க, பேச வேண்டாம்" என்றாள். என் மனைவிக்கு என்னைத் தெரியும். இன்பார் சிரித்தாள். ஹதாஸ் சிரிக்கவில்லை.

"எதிர்த்துப் போட மாட்டேன்" என்றேன். அது மட்டும் சத்தியம் என்றேன்.

மே 27, திங்கள்

கட்சி அலுவலகத்து நடையில் வானவில் கொடியோடு தலைவர் நிற்கும் படம் இருந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு கோதுமை வயல் படம்.

ஜூன் 14, வெள்ளி

டெல் அவீவில் வானவில் ஊர்வலம். போன வருஷம் லாரி மேல் ஏறி ஆடிய தலைவருக்கு இந்த வருஷம் தொண்டை கட்டிவிட்டது. ஊர்வலத்தில் நடக்கத் தொண்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான் போனேனா? அஷ்தோதில் ஒரு நீச்சல் குளம் திறந்து வைத்தேன்.

ஜூன் 17, திங்கள்

கொறடா டோலெவ் அறைக்கு வந்தான். என் மகள் வயதுதான். கதவைச் சாத்தினான்.

"அண்ணே, புதன்கிழமை எதிர்த்து ஓட்டு. இல்லன்னா சபையில உங்க குழுத் தலைவர் பதவி போயிடும். நான் சொல்லல, மேல சொல்றாங்க."

"தம்பி, எனக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கு."

"எல்லாருக்கும்தான் வீடு இருக்கு. சரி, ஓட்டுப் போட முடியலன்னா ஈடு பிடிச்சுக்கோங்க. எனக்குக் கணக்கு சரியா இருந்தா போதும்."

இந்த ஒரு சொல்லுக்காக அவனைக் கட்டிக்கொண்டிருப்பேன். ஈடு என்றால், இந்தப் பக்கம் ஒருவர் வராவிட்டால் அந்தப் பக்கமும் ஒருவர் வராமல் இருப்பது. ஒன்றுக்கு ஒன்று சரி. வாய்ப் பேச்சுதான், ஆனால் எங்கள் சபையில் இதை மீறியவன் முகத்தில் யாரும் விழிப்பதில்லை. எதிர்த்தும் போட வேண்டாம், பதவியும் போகாது. ஹதாஸுக்குக் கொடுத்த சத்தியமும் நிற்கும்!

ஹெம்தா அக்காவுக்குப் பத்து நாள் முன்பு இடுப்பில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டேன்.

"சக்கர நாற்காலியிலாவது வந்துடுவேன்னு டாக்டரோட சண்டை போட்டுட்டிருக்கேன், ரஃபி."

"எதுக்கு அக்கா? எப்படியும் ஆறு ஓட்டுல தோக்கும். நீங்க வராதீங்க, நானும் உள்ள போகல. சரிக்குச் சரி."

வலியில் மூச்சு வாங்குவது கேட்டது.

"உன் பொண்ணுக்காகவா?"

"ஆமா."

"நல்லா இருப்பா. சரி, நான் வரல. வார்த்தைன்னா வார்த்தை."

போனை வைத்ததும் மனசு லேசாக இருந்தது. நோயாளிக்கும் ஓய்வு கொடுத்தாயிற்று. புத்திசாலிதான் நான்.

ஜூன் 19, புதன்

காலையில் ப்னேய் ப்ராக்கில் ஒரு பெரிய மதகுரு, ரப்பி, இறந்துவிட்டார். மதக் கட்சி எம்.பி.க்கள் இறுதி ஊர்வலத்துக்குப் போனார்கள். ஓட்டெடுப்புக்குத் திரும்பி வருவதற்குள் ஊரெங்கும் சாலை அடைத்து, ஆறு பேர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

நான் சபை உணவகத்தில் காபியோடு உட்கார்ந்து சுவரில் இருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டோலெவ் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க இரண்டு தடவை ஓடினான். என்னைப் பார்த்தும் கூப்பிடவில்லை. ஈடு ஈடுதான்.

ஆதரவு 51. எதிர்ப்பு 51. சமமாக வந்தால் மசோதா தோற்றதாகக் கணக்கு.

ஹெம்தா அக்கா வந்திருந்தால் 52.

நான் சும்மா வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால்கூட அது நிறைவேறியிருக்கும். நான் போன் போட்டேன். நானே, என் விரலால், நம்பரைத் தேடி.

எழுந்து போய் எதிர்க்கட்சி அறையில் யாரிடமாவது சொல்ல நினைத்தேன். என்ன சொல்ல? காபி ஆறிவிட்டது. யோராம் வந்து தோளில் தட்டி, "தப்பிச்சோம்டா" என்றான்.

ஜூன் 20, வியாழன்

ஹெம்தா அக்கா போன் செய்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "என் தப்புதான் ரஃபி, நான் கணக்கை நம்பினேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 21, வெள்ளி

ஹதாஸ் வரவில்லை. போனில்தான்.

"நான் எதிர்த்துப் போடலம்மா. சொன்னபடி..."

"போடல. எனக்காக ஓட்டுப் போட ஒரு பொம்பளை ஆபரேஷன் பண்ணின இடுப்போட வரத் துடிச்சா. அவளையும் கையோட வெளில கூட்டிட்டுப் போயிட்ட."

"தோக்கும்னுதான் நினைச்சேன்."

"ஜெயிக்கும்னு தெரிஞ்சிருந்தா உள்ள போயிருப்பியா, அப்பா?"

பதில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன், என்ன பதில் அது? உள்ளே போயிருப்பேனா? இதை எழுதும்போதும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய். தெரியும்.

அவளே வைத்துவிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

ஹதாஸ் சாப்பிட வராமல் இது நாலாவது வாரம். ஜாக்லின் அவர்களைப் பார்க்க அவர்கள் வீட்டுக்கே போய்விட்டாள். குழுத் தலைவர் பதவி பத்திரமாக இருக்கிறது. நாற்காலிக்குப் புதுத் துணி மாற்றியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

எங்கள் யூதப் புத்தாண்டுக்கு ஹதாஸுக்கு வாழ்த்து அனுப்பினேன். "உனக்கும்" என்று வந்தது.

மார்ச் 3, செவ்வாய்

ஆட்சி கவிழ்ந்து, தேர்தலும் நடந்து, எதிர்க்கட்சி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டோம். கவிழ்ந்தது பட்ஜெட்டில். எங்கள் மனசாட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மே 18, திங்கள்

தலைவருக்குத் தொண்டை சரியாகிவிட்டது. கல்யாண மசோதாவை இந்த முறை எங்கள் கட்சியே கொண்டு வருகிறதாம். நிச்சயம் தோற்கும், அதனால் துணிச்சலுக்குக் குறைவில்லை. கோதுமை வயலை இறக்கிவிட்டார்கள்.

"இதுல நாம எப்பவுமே உறுதியா இருந்திருக்கோம்" என்றான் யோராம். போன வருஷம் சொன்னதை நினைவூட்டினேன். "அது வேற ரஃபி, அப்ப பொறுப்புல இருந்தோம்" என்றான்.

டோலெவ் என்னைத் தனியாக அழைத்தான். "அண்ணே, நீங்கதான் பேசணும். அப்பாவா பேசுங்க. உங்களை விட்டா நம்மகிட்ட ஆள் இல்ல."

முடியாது என்று சொல்லப் போனேன். அப்புறம் ஒரு நினைப்பு: டிவியில் ஹதாஸ் பார்ப்பாளே. ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 8, திங்கள்

ஜாக்லின் ஹைஃபாவில் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். வியாழன் திரும்புவாளாம். நல்ல செருப்பை எடுத்து வைத்துக்கொண்டாள். பேச்சை ஒரு தடவை படித்துக் காட்டட்டுமா என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

ஜூன் 10, புதன்

காலை பதினொன்றுக்கு மேடை ஏறி ஏழு நிமிஷம் பேசினேன். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. "என் பொண்ணு இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கணும்?" என்று கேட்டபோது குரல் உடைந்தது. நடிக்கவில்லை. தலைவர் எழுந்து நின்று தட்டினார். ஆதரவு 44, எதிர்ப்பு 63. மாலைக்குள் இரண்டு லட்சம் பேர் வீடியோவைப் பார்த்திருந்தார்கள். ஹதாஸுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.

ஜூன் 12, வெள்ளி

ஜாக்லின் மேஜையில் தட்டு வைக்கும்போது உள்ளங்கையைப் பார்த்தேன். நடுவில் வட்டமாக, சிவப்பாக மருதாணி. எங்கள் ஜனங்கள் அதைச் சும்மா ஒரு நாளும் வைத்துக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு முந்தின இரவுகளில்தான் வைப்பார்கள், அதுவும் பெண்ணின் அம்மாவுக்கு முதலில். அவள் கையை மறைக்கவில்லை.

"எப்போ?" என்றேன்.

"திங்கள் ராத்திரி இன்பாரோட அம்மா வீட்ல மருதாணி. செவ்வாய் விமானம் ஏறினோம். புதன் காலையில வெளிநாட்டுல ஒரு நகராட்சி ஆபீஸ்ல கல்யாணம் முடிஞ்சுது."

"எத்தனை மணிக்கு?"

"நம்ம ஊர் நேரம் பதினொண்ணரை."

நான் மேடையிலிருந்து இறங்கி எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டிருந்த நேரம்.

"என் பேச்சைப் பார்த்தாளா?"

"வராந்தாவுல வரிசையில நிக்கும்போது போன்ல பார்த்தா. முழுசா பார்த்தா. 'அப்பா நல்லாப் பேசறார்'னு சொன்னா. அதுக்குள்ள பேர் கூப்பிட்டுட்டாங்க, போனை என்கிட்ட குடுத்துட்டு உள்ள போயிட்டா."

ஜாக்லின் உட்கார்ந்து எனக்குப் பரிமாறினாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.