மறுபடியும் போச்சா?

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாவது திரை இன்றும் போய்விட்டது. காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை. லேப்டாப் நன்றாக இருக்கிறது, முதல் திரை நன்றாக இருக்கிறது. இது மட்டும் கறுத்துப்போய் ‘சிக்னல் இல்லை’ என்று எழுதிக் காட்டுகிறது. அதில் திறந்து வைத்திருந்த வரைபடம் ஓடிப்போய், முதல் திரையில் புகார்ப் பட்டியலின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆள் என் காதுக்குள் கத்துகிறான். நான் மௌஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்பது ஒரு திரை. எந்த மெக்கானிக் எங்கே நிற்கிறார் என்பது இன்னொன்று. இரண்டும் இருந்தால்தான் லிஃப்ட் கம்பெனியின் இந்த அவசர அழைப்பு வேலை நடக்கும். அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுத்தபின், வீட்டிலிருந்து பார்க்கக் கம்பெனி சம்மதித்ததே அந்த நிபந்தனையில்தான். இரண்டு திரையும் ஒழுங்காக இருக்கவேண்டும், அறைக்கதவு மூடியிருக்கவேண்டும், பதிவாகும் அழைப்பில் வேறு குரல் விழக்கூடாது, கம்பெனிச் சாமான்களில் வேறு கை படக்கூடாது. இல்லையென்றால் ஆபீஸுக்குத் திரும்பவேண்டும். நான் போய்விட்டால் அக்காவை யார் பார்ப்பது?

மார்ச் 5, புதன்

புதுக் கேபிள் போட்டேன். மத்தியானம் போய்விட்டது.

மார்ச் 6, வியாழன்

எங்கள் கணினிப் பிரிவு ஆளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ரீஸ்டார்ட். என்ன சொன்னாலும் அதைத்தான் முதலில் சொல்வார். வயிற்றுவலி என்றாலும் அதைத்தான் சொல்வார் போல. இன்று மட்டும் அதிசயமாக, “ரெண்டு ஸ்க்ரீனையும் இடம் மாத்திப் பாருங்க மேடம்” என்றார். மாற்றினேன். இப்போது நல்ல திரை கறுத்துப்போகிறது, பழுதான திரை பளிச்சென்று எரிகிறது. ஆக, திரைமேல் குற்றமில்லை, பெட்டிமேல்தான் குற்றம் என்று தீர்ப்பு.

பெட்டி என்பது டாக். லேப்டாப்பில் திரைக்கு ஒரே ஓட்டைதான். அதனால் இரண்டாவது திரை அந்தச் சின்னப் பெட்டி வழியாக வருகிறது. என் அறை பிளக் பாயின்டுகள் லேப்டாப்புக்கும் திரைகளுக்குமே சரியாகப் போய்விட்டதால், பெட்டியின் வயர் மட்டும் கதவுக்கு அடியில் நுழைந்து, அக்காவின் கட்டிலோரம் இருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டில் போய் முடிகிறது. திரை போனதும் அங்கே ஓடி, பிளக்கைப் பிடுங்கிச் செருகவேண்டும். ரீஸ்டார்ட்டின் உத்தரவு.

இடம் மாற்றியதில் இன்னொரு கூத்து. இடது பக்கத் திரைக்குப் போக மௌஸை வலது பக்கம் தள்ளவேண்டியிருக்கிறது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

மார்ச் 7, வெள்ளி

புதுப் பெட்டி வந்தது. மாட்டினேன். வேலை செய்தது. “சரியாயிடுச்சு சார்” என்று மேனேஜருக்குச் செய்தி அனுப்பி, டம்ளரில் காபி ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருக்கிறது. ஒரு டப்பாவுக்காகவா அழுவது?

அக்கா அறைக்குப் போனேன்.

“மறுபடியும் போச்சா?” என்றாள். பேப்பர் கைக்கு எட்டாமல் கீழே விழுந்து கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். பெட்டிக்கு உயிர் வர இரண்டு நிமிடமாகும். அதுவரை கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

“ஏதாவது வேணும்னா மணி அடிக்க வேண்டியதுதானே அக்கா? தலைமாட்டுலயே வெச்சிருக்கேனே.”

“மணி அடிச்சா ஓடி வர நீ என்ன ப்யூனா?”

தலைமையாசிரியையாக இருந்தவள். மணி அடிப்பது மற்றவர்கள் வேலை. அவளுக்கு எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமே கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

லீவு. சோதித்துப் பார்க்கலாமென்று எல்லாவற்றையும் போட்டு வைத்தேன். நான் அக்காவோடுதான் இருந்தேன், தலை வாரிவிட்டு, குறுக்கெழுத்தில் சண்டை போட்டுக்கொண்டு. அவ்வப்போது எட்டிப் பார்த்தேன். இரண்டு திரையும் நாள் முழுக்கக் குத்துவிளக்கு மாதிரி எரிந்தன. லீவு பார்த்து ஒழுங்காக இருக்கிற மிஷினை இப்போதுதான் பார்க்கிறேன்.

மேனேஜருக்கு மறுபடி செய்தி: சரியாயிடுச்சு சார்.

மார்ச் 10, திங்கள்

போய்விட்டது. மூன்று தடவை.

மார்ச் 11, செவ்வாய்

ரீஸ்டார்ட் என் லேப்டாப்புக்குள் புகுந்து டிரைவரை அழித்து, புதிதாகப் போட்டு, திரையின் வேகத்தைக் குறைத்து, மின்சேமிப்பை அணைத்தார். அம்பு தானாக ஓடுவதை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். “இப்ப பக்கா மேடம்” என்றார். நானும் மேனேஜரிடம் அப்படியே சொன்னேன். இது மூன்றாவது தடவை.

சாயங்காலம் போனது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஒரு பெண், கைக்குழந்தையோடு லிஃப்டில். பேசி ஆறட்டும் என்று நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து வரைபடம் போனது. நினைவிலிருந்த மெக்கானிக்கை அனுப்பினேன். அவர் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார். அடுத்த தெருவிலேயே ஒருவர் சும்மா நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. குழந்தை அழுது அழுது வாந்தியெடுத்து, வெளியே எடுத்தபோது துவண்டு கிடந்ததாம். இப்போது நன்றாக இருக்கிறது, விசாரித்துவிட்டேன். இருந்தாலும் அந்த அழுகை காதிலேயே இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸ். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

அக்கா கண்ணயர்ந்திருந்தபோது என் அறைக்கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் எடுத்துவரச் சமையலறைக்குப் போயிருந்தேன். செருப்பில்லை, சத்தமில்லை. அக்காவின் வாசல்வரை வந்து நின்றுவிட்டேன்.

அவள் என் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு. பிறகு கையை நீட்டிப் போர்டில் என் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். கொஞ்சம் பொறுத்தாள். நாற்காலி நகரும் சத்தத்துக்காக என்று நினைக்கிறேன். சத்தம் வராததால் முகம் வாடிவிட்டது. மறுபடி போட்டாள்.

கோபம் வந்ததா? வந்தது. அந்தக் குழந்தை நினைவுக்கு வந்தது. என் குரல் கேட்காதபோது அணைத்திருக்கிறாள், நான் பேசி முடித்துவிட்டேன் என்று எண்ணி. நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க அவளுக்கு என்ன தெரியும்? இரண்டு நிமிடம், கட்டிலோரம். அவ்வளவுதான் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சத்தமில்லாமல் அறைக்குத் திரும்பினேன். நாற்காலியைப் பலமாக இழுத்தேன். அவளிடம் போனேன்.

“மறுபடியும் போச்சா?”

“ஆமாக்கா. சனியன்.”

உட்கார்ந்தேன். பெட்டி உயிர் பெற்று வெகுநேரமாகியும் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மாடிப்படியில் நின்று மேனேஜருக்குப் போன் செய்தேன். காரணம் கண்டுபிடித்துவிட்டேன், இனிமேல் போகாது என்றேன்.

“மூணு தடவை இதையே சொன்னீங்க மேடம். நானும் நம்பி மேல சொன்னேன். என்ன காரணம்?”

என்ன சொல்வது? வீட்டில் இன்னொருவர் கை வைத்தார் என்றால் அதுவும் விதிமீறல்தான். “பிளக் சார்” என்றேன்.

“திங்கட்கிழமை வந்துடுங்க” என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

பகலுக்கு ஓர் அம்மாளை ஏற்பாடு செய்துவிட்டு அக்காவிடம் சொன்னேன்.

“எல்லாரையும் ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்கக்கா.”

“எல்லாரையுமா?”

“எல்லாரையும்.”

என்னைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். “ஸ்க்ரீன் போறதுனால இல்லையே?”

“சேச்சே. அதுக்கும் இதுக்கும் என்ன?”

எத்தனை பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவள். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். “சரி, போய்ட்டு வா” என்றாள், இன்றைக்கே கிளம்புகிற மாதிரி.

மார்ச் 17, திங்கள்

ஆபீஸில் எனக்கு மூன்று திரை. ரீஸ்டார்ட் நேரிலேயே வந்து மாட்டிக் கொடுத்தார். முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன், நல்ல மனுஷன். “இங்க எந்தப் பிரச்சனையும் வராது மேடம்” என்றார்.

சாப்பாட்டு வேளையில் வீட்டுக்குப் போன் செய்தேன். அந்த அம்மாள் எடுத்தார். “பாவம், ஒரு தொந்தரவும் இல்லம்மா. நானும் பக்கத்து ரூம்லதான் இருக்கேன். மணியே அடிக்கல.”

மூன்று திரையும் சாயங்காலம்வரை எரிந்தன. நான் ஒரு தடவைகூட எழுந்து போக வேண்டியிருக்கவில்லை.