ரெனேயின் காரிலிருந்து ஒரு ஹப்

எவேலியோவுக்கு,

நேற்று சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் இருந்தோம். நீங்கள் ஜன்னலோரம், நான் அடுப்புப் பக்கம், மெக்கானிக் ஓஸ்மெல் நம் ரெனேயின் நாற்காலியில். அவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

"சக்கரத்தைத் தாங்குற ஹப் தேஞ்சு ஆடுது மாமா. இந்தப் பழைய ரஷ்யக் காருக்கு ஒல்கின்ல எங்கயும் கிடைக்காது. உங்க மகன் விபத்துல போன காரும் இதே வகைதான், அதுல இடது பக்கம் அடிபடவே இல்ல. அத வச்சிருக்கிற மருமககிட்ட கேளுங்க."

"என் பையனைக் கொன்ன வண்டிச் சக்கரத்துல நான் ஏறமாட்டேன். நடந்தே போறேன்."

"டயாலிசிஸுக்கு நடந்தே போவீங்களாக்கும்! கழிப்பறைக்குப் போய்வரவே மூச்சு வாங்குது."

நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லும்போது கோபம்கூட இல்லை எனக்கு. ரெனே போன நாளிலிருந்து எதுவுமே இல்லை.

நான் ரொட்டி வரிசைக்குப் போகிறேன். கறுப்பு பீன்ஸ் மூடி வைத்திருக்கிறது. உப்பில்லை, போட்டுக்கொள்ளாதீர்கள். கார் சாவியை ஓஸ்மெல் கேட்டால் கொடுங்கள்.

ரெனேயின் காரின் கதவு ரொட்டிக்கடைக்காரருக்குப் போய்விட்டது, விளக்குகள் வாத்தியாருக்கு. ரெனே ஊரெல்லாம் ஓடுகிறான். நம் வீட்டுக்குத்தான் இன்னும் வரவில்லை.

மரீசா

பி.கு: கரண்ட் இல்லை, போன் செத்துக் கிடக்கிறது. அதனால் மருமகளுக்கு ஹப் கேட்டுக் கடிதமாகவே எழுதினேன். நீங்களும் கேட்டதாகத்தான் எழுதியிருக்கிறேன். உறையைச் சோற்றுப்பருக்கையால் ஒட்டி, அவள் இருக்கும் பானெஸுக்குப் போகும் லாரிக்காரரிடம் கொடுத்தாயிற்று.