கார்சைடுக்கும் பயம் இருந்தது

மார்ச் 14, 1945. இங்கிலாந்து, எசெக்ஸ் முகாம்.

இன்று பாராசூட்டில் பயிற்சிக் குதிப்பு. விமானக் கதவருகே நின்றபோது இடது முழங்கால் தானாக ஆட ஆரம்பித்தது. பின்னால் என் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். பார்த்திருப்பார்களா? லெப்டினன்ட் ஹெஸ்கெத்துக்குக் கால் நடுங்குகிறது என்று பேச்சு கிளம்பினால், நாளை என் சொல்லை யார் கேட்பார்கள்?

குதித்துவிட்டேன். தைரியமெல்லாம் இல்லை. திரும்பிப் போக வெட்கம்.

மார்ச் 17

காலைச் சாப்பாடு முடிந்து கொட்டகையின் பின்பக்கம் போனேன். சார்ஜென்ட் கார்சைடு சுவரைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஓல்டம் ஊரில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். போன வருடம் நார்மண்டியில் குதித்தவர். பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள் என்று பெயர்.

"முட்டைப் பொடி ஒத்துக்கல சார்."

"நானும் அதைத்தானே சாப்பிட்டேன்?"

வாயைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு முழங்கால்ல இறங்கிடுச்சு போல."

இருவரும் சிரித்துவிட்டோம். "பசங்களுக்குத் தெரிய வேண்டாம் சார்" என்றார் மெதுவாக.

மார்ச் 22

முகாமைப் பூட்டிவிட்டார்கள். ஜெர்மனியில், ரைன் நதிக்கு அந்தப் பக்கம் குதிக்கப் போகிறோம். அதுவும் பட்டப்பகலில்! கீழே துப்பாக்கியோடு இருப்பவன் ஒவ்வொருவராகப் பார்த்துச் சுடலாம்.

மார்ச் 23

சாப்பிடுவது போல நடித்தேன்.

மார்ச் 26. ஜெர்மனி, ஒரு பண்ணை வீடு.

இப்போதுதான் பென்சில் பிடிக்க வருகிறது.

முந்தாநாள் விமானத்தில் ஒருவன், "பாதி வழியில எறங்குறோமே, பாதி டிக்கெட் காசு திருப்பித் தருவாங்களா?" என்றான். சிரிப்பு அடங்குவதற்குள் குண்டுகள் வெடிக்கத் தொடங்கின. எப்படிக் குதித்தேன் என்றே நினைவில்லை. பாராசூட் குடை ஒரு மரத்தில் சிக்கிக்கொண்டது. வார் அவிழவில்லை. பக்கத்து மரத்தில் தொங்கியவனை என் கண்ணெதிரே சுட்டார்கள். அடுத்தது நான்தான்.

கார்சைடு வயலோரப் பள்ளத்தில் பத்திரமாக இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு எழுந்தார். "வராதீங்க!" என்று கத்தினேன். வந்துவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன் — அதுதான் உண்மை. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்க, குனிந்து ஓடி வந்தார். கிளையில் ஏறிக் கத்தியால் வாரை அறுத்தார்.

"ஆடாதீங்க சார், கழுத்தை அறுத்துத் தொலைச்சிடுவேன்."

நான் தரையில் விழுந்தேன். எனக்குப் பின்னால், குண்டு பட்டு அவரும் விழுந்தார். நான் எழுந்தேன்.

மார்ச் 29

அவர் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். 'வலி தெரியாமல் போய்விட்டார். பயமறியாதவர்.' எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஜூன் 9. ஓல்டம்.

விடுப்பு. அந்தத் தெருவை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டுத்தான் கதவைத் தட்டினேன். விமானக் கதவே தேவலை.

கார்சைடின் மனைவி ஐவி தேநீர் ஊற்றினார். "பயமறியாதவர்னு எழுதியிருந்தீங்க. வேற யாரு புருஷனுக்கோ எழுதுனது மாறி வந்துடுச்சோன்னு நெனச்சேன் தம்பி. லீவுல வந்தா ராவெல்லாம் என் கையை விடமாட்டாரு. பொய் சொல்லாதீங்க. பயந்தாரா?"

"பயந்தார். என்னை மாதிரியேதான்."

மரத்தையும் பள்ளத்தையும் அந்த வெளுத்த முகத்தையும் சொன்னேன். தேநீர் ஆறிப்போயிற்று.

"அவ்வளவு பயத்தோடயா ஓடி வந்தாரு?"

"ஓடி வந்தார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி."

சொன்னேன்.