மேட்டின் மேல் இரண்டு காதுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே உன் நலமறிய ஆவல் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன், கை வரவில்லை. ஆவலாகக் கேட்டு என்ன பயன், கேட்டால்தான் நீ பொய் சொல்லுகிறாயே. இந்தப் புது விலாசம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று உறையைப் பார்த்ததுமே திடுக்கிட்டிருப்பாய், திடுக்கிட்டால் திடுக்கிடு. உன் அப்பாவிடமிருந்து பிடுங்கினேன். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் நடுவில் நீ அழுவாய், இல்லை வைத்துவிடுவாய், என் கோபம் பாதியில் நிற்கும். அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

போன சனிக்கிழமை உன் அப்பாவின் பழைய ஆணி ஃபாக்டரி ஆட்கள் ஒரு பஸ் பிடித்து, அணைக்கு மேலே மேட்டில் புதிதாக வைத்திருக்கும் சிலையைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். சிலை என்றால் கண் மூக்கு இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு காது. வெறும் காது. ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம், கான்கிரீட்டில், இருநூறு அடி தள்ளி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. தலையில்லாத காதைப் பார்க்க இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிப் போன கூட்டம் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். புல்கூட ஒழுங்காக முளைக்காத மொட்டை மேடு, ஒதுங்க நிழல் இல்லை, கழிப்பறைக்கு மறுபடி கீழே பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்க வேண்டும். ஒரு காதின் குழிக்குள் நின்று மெதுவாகப் பேசினால் எதிர்க் காதில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்குமாம், அதுதான் அதன் விசேஷம். காவலாளி இதை நன்றாகத்தான் விளக்கினான், ஆனால் உன் அப்பாவின் இடது பக்கம் நின்று விளக்கினான். அந்தப் பக்கத்துக் காதை முப்பது வருஷம் ஆணி இயந்திரத்தின் சத்தம் தின்றது உனக்குத் தெரியும். வழக்கம்போல எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். 'மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்' என்று பலகையில் இருந்ததை மட்டும் படித்துவிட்டு, பாரத்தை இறக்கி வைக்கிற இடம்போல என்று போய் வரிசையில் நின்றுவிட்டார்.

நான் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று செருப்பில் புகுந்த கல்லை எடுக்க எதிர்க் காதின் படியில் வந்து உட்கார்ந்தேன். என்னோடு ஃபாக்டரி ஃபிட்டரின் மனைவி, இன்னும் நாலு பெண்கள். அப்போது உன் அப்பாவின் குரல். ரகசியம் பேசுகிறாராம். அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது வீட்டில் கதவைத் திறப்பார்கள், அதோடு கான்கிரீட் வேறு சேர்ந்துகொண்டது. பாப்பா எட்டு மாசமா புருஷனை விட்டுத் தனியாத்தான் இருக்கா, அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டா, இதுக்கு மேல என்னால முடியல, இவ இன்னும் அந்தப் பயலுக்கு ஸ்வெட்டர் பின்னிட்டிருக்கா என்றார். காதும் காதும் வைத்த மாதிரி நீங்கள் இரண்டு பேரும் மூடி வைத்ததை அந்த இரண்டு காதும் ஒரு நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டன. ஃபிட்டர் மனைவி என் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தாள். அவள் முகத்தில் இருந்த பரிதாபத்தைப் பார்த்ததும் கடப்பாரை கிடைத்தால் அந்தக் காதை இடித்துத் தரைமட்டமாக்கலாம் போல இருந்தது. திரும்பும்போது உன் அப்பா, எப்படி இருந்துச்சு என்று கேட்டார். நல்லா கேட்டுச்சு என்று அவருடைய வலது காதில் சொன்னேன். மனுஷன் முகம் செத்துவிட்டது, வீடு வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். போனில் சீட்டு விளையாடுகிறார் என்று நான் நினைத்த நேரமெல்லாம் உனக்குத்தான் செய்தி தட்டிக்கொண்டிருந்தாராம். அம்மாவுக்குத் தெரிஞ்சா திரும்பிப் போன்னுதான் சொல்லுவா என்று நீ எழுதியதையும் படித்தேன். வாய்விட்டுத் திட்டினேன், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பெற்றவளைப் பற்றி நீ தெரிந்துவைத்திருப்பது இவ்வளவுதானா? பொறுத்துப் போ என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டு தடவை. சரி, பல தடவை சொன்னேன். அதற்காக வியாழன்தோறும் வேலை இடத்திலிருந்து கூப்பிட்டு, அவர் நல்லா இருக்கார்மா என்று கூசாமல் புளுகுவாயா? ஸ்வெட்டரில் ஒரு கைதான் பாக்கி, அதைத் தெரு நாய்க்கு விரித்துப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது.

அவனை இனிமேல் மாப்பிள்ளை என்று எழுத மாட்டேன். ஞாயிறுதோறும் அவனாகக் கூப்பிட்டு நல்லாருக்கீங்களா அத்தை என்பான், அவகிட்ட கொடுங்க என்றால் குளிக்கிறா என்பான், நானும் எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன். மேட்டுக்குப் போய் வந்த மறுநாள் ஞாயிறும் கூப்பிட்டான். குளிக்கிறா அத்தை என்றான். எட்டு மாசமாவா குளிக்கிறா, தோல் உரிஞ்சிடப் போகுது என்று சொல்லி வைத்துவிட்டேன். பின்னாடியே அவன் அம்மா கூப்பிட்டு, பெண்ணுக்குப் புத்தி சொல்லி அனுப்புங்க சம்பந்தி என்றாள். புத்தி இருந்ததாலதான் வெளியே வந்தா என்றேன்.

இவ்வளவு வீரம் பேசி முடித்த பிறகுதான் உன் அப்பா மிச்சத்தைச் சொன்னார். உன்னைப் பால்கனியில் விட்டு அவன் உள்ளே தாழ் போட்டதை, இரண்டு மணி நேரம் நீ குளிரில் நின்றதை. எப்போ என்று கேட்டேன். போன வருஷம் உன் பிறந்தநாளுக்கு மறுநாள் என்றார். அன்றைக்கு நீ எனக்குப் போன் செய்தாய். அம்மா, அவர் கதவை என்று ஆரம்பித்தாய். ஒரே காத்து இரைச்சலா இருக்கு, ஒண்ணும் விளங்கல, உள்ளே போய்ப் பேசு என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் நாலு மாதம் பொறுத்திருக்கிறாய், நான் சொன்ன மாதிரியே. உன் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இப்போது தெரியவில்லை.

அடுத்த மாதம் பதினாலாம் தேதி வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் லீவும் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பாதே, அவர் போன் என்னிடம் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நூறு வயது இரு. மறக்காமல் ஒன்று செய். உன் புது அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தால், நான் வரும்வரை காத்திருக்காதே, இன்றைக்கே கழற்றிப் போடு.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா