கிரேன் கூண்டுக்கு ஆகாத மாத்திரை

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது, கேள். கிரேனில் கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று என் நாக்கு தடித்துவிட்டது. இடது கை லிவரில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்லும் மொட்டை, "என்னண்ணே, காலையிலயே ஊத்திட்டீங்களா?" என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. அதற்குள் சைட் முழுக்கப் பரப்பிவிட்டான். குடிக்காமலே குடிகாரன் என்று பேர் வாங்கியாயிற்று.

பிரஷர் மாத்திரை போடுகிறாயா என்று கேட்டிருந்தாய். அது ஓயாமல் ஒன்றுக்குப் போக வைக்கிறது. கூண்டிலிருந்து ஏணியில் இறங்கி மறுபடி ஏறுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் சைட்டில் பிரஷர் பார்க்கும் வாரம் மட்டும் போடுகிறேன். அளவு அழகாக வந்துவிடுகிறது. எனக்குத் தலைவலிகூட இல்லை.

உன் தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் கேட்டால் சிரித்துப் பேச்சை மாற்றுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

எனக்கும் அதே பிரஷர்தானே. மாத்திரை வாங்கப் போனபோது உன் கதையை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பக்கவாதம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கும்மா. அடுத்த தடவை திரும்பிப் போகும்னு சொல்ல முடியாது" என்றார். மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் அடைத்துத் திறந்திருக்கிறதாம். வாய் கோணினாலோ, கையைத் தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். தானாகச் சரியானாலும் போயே ஆக வேண்டுமாம். பிரஷர் வலித்துக் காட்டிக்கொடுக்காது என்றும் சொன்னார். அந்த மாத்திரை தொல்லை என்றால் வேறு மாத்திரை இருக்கிறது. வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே?

மறுபடி கூண்டில் வந்தால் உன்னை யார் இறக்குவது? நீ தூக்கிய பாரத்துக்குக் கீழே நிற்கிறவன் கதி என்ன? இன்றே போ.

அக்கா

மார்ச் 19

அக்கா,

டாக்டர் என்றால் பயமுறுத்தத்தான் செய்வார். ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டில் எழுதுவார்கள், ஆபீசுக்குத் தெரிந்துவிடும், என்னை இறக்கிவிடுவார்கள். கீழே நின்று கொடி ஆட்டவா இத்தனை வருஷம் கஷ்டப்பட்டேன்? அடுத்து உச்சி மாடிக்குக் கண்ணாடிப் பலகை ஏற்றுகிறோம். என்னை விட்டால் அதற்கு ஆளில்லை. அது முடியட்டும், போகிறேன்.

நேற்று வலது கண் கொஞ்ச நேரம் திரை போட்ட மாதிரி மங்கியது. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். என் மனைவிக்கு எதுவும் தெரியாது. நீ உளறி வைக்காதே.

தம்பி

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

ஆபீசுக்குப் போன் செய்தது நீதான் என்று மேனேஜரே சொன்னார். பாதி வேலையில், எல்லோர் முன்னாலும் இறங்கச் சொன்னார்கள். அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்கள். கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பாம். இனிமேல் கிரேன் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது சாமான் அறையில் உட்கார்ந்து போல்ட்டுகளை ரகம் பிரிக்கிறேன். மொட்டை என் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிறான்.

கூடப் பிறந்தவளே என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாய். இனி எழுதாதே. போனும் செய்யாதே.

ஏப்ரல் 20

தம்பி,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். கண் மங்கியது என்று படித்த அந்த நிமிடமே செய்தேன். உன்னைக் கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். சாமான் அறை உனக்கு எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்து அழுதேன். ஆனாலும் மன்னிப்பு கேட்க மாட்டேன். நாளைக்கே மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன்.

உன் மனைவி பேசினாள். புது மாத்திரை ஒத்துக்கொண்டதாம். காலையில் அதை உன் கையில் கொடுத்தால், "எல்லாம் அந்தப் பாவியால" என்று என்னைத் திட்டிவிட்டுத்தான் விழுங்குகிறாயாம். இதைச் சொல்ல அவளுக்கு ஒரே தர்மசங்கடம். "விடும்மா, திட்டட்டும்" என்றேன்.

நீ பதில் போட வேண்டாம். தினமும் திட்டு. ஒரு நாள்கூட விட்டுவிடாதே.

உன் அக்கா